மறுவாழ்வு மையத்தில் ஓவியம்: பொழுதுபோக்கா, சிகிச்சையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை பெறுவோர் வரைந்த ஓவியங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குடிநோயாளிகளையும் பிற போதைப் பழக்கங்களுக்கு ஆளானவர்களையும் எள்ளி நகையாடாமலும், பரிதாபப் பொருளாக ஆக்காமலும் எழுதப்பட்டிருந்த அந்தக் கட்டுரைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், கண்காட்சியில் வைக்கப்பட்ட படங்களின் அழகைக் கொண்டே அவற்றை வரைந்தவர்கள் எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறார்கள் என்று அளந்துவிடலாம் என்பதுபோல் கட்டுரை போய் முடிந்ததை, போதை மறுவாழ்வுப் பிரிவொன்றில் ஆலோசகராகப் பணிபுரியும் என்னால் ஏற்க முடியவில்லை. அது குறித்துச் சற்று விரிவாகவே எழுத நேர்கிறது. இடம் கருதிச் சுருக்க வேண்டியிருப்பின், மருந்துகளைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியை மட்டும் தயவுசெய்து நீக்க வேண்டாம்.

போதை மீட்பில் ஓவியத்துக்கு உண்மையாகவே ஓர் இடம் உண்டு. படம் எந்தச் சூழலில் வரையப்படுகிறது, வரைந்து முடித்த பின் அதை நடுவில் வைத்துக்கொண்டு என்ன பேசப்படுகிறது, அந்தப் பேச்சு மற்றச் சிகிச்சைகளோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அந்த இடம் அமைகிறது. இந்த மூன்றும் இல்லாதபோது அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. பொழுதுபோக்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். போதையை விட்டவருக்கு மாலை நேரத்து வெறுமையைப் போன்ற பகை வேறில்லை என்பதால், அந்த வேளையை நிரப்பும் எதுவும் வரவேற்கத்தக்கதே. ஆனால் பொழுதுபோக்குக்குச் சிகிச்சை என்று பெயர் சூட்டிவிட்டால், உள்ளே சிகிச்சை நடக்கிறது என்று குடும்பத்தார் நம்பிவிடுகிறார்கள். நிர்வாகமோ பயிற்சி பெற்ற ஒருவரை நியமிக்க வேண்டிய இடத்தில் வண்ணப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது.

இத்துறை வளர்ந்து வந்த வழியைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக 1938இல் சானடோரியம் ஒன்றில் தங்கியிருந்தபோது தாம் வரைந்ததும், பிறகு மற்ற நோயாளிகளை வரையச் செய்ததும்தான் அவருக்கு அடிப்படை. நீண்ட படுக்கை வாழ்வின் சோர்வை வரைதல் போக்குகிறது என்பதை அவர் கண்டார். அதே 1940களில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் வேறொரு பாதையில் போனார். மனத்தின் அடியில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே வெளிக்கொணரும் உளப்பகுப்பாய்வு முறையில் தோய்ந்திருந்த அவருக்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்லத் தொடங்குவதற்கான வாயில் படம்; வரைந்தவரே அதைப் பற்றிப் பேச வேண்டும், சிகிச்சையாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். வியன்னாவில் பிறந்து, நியூயார்க்கில் சிறுவர்களிடையே பணியாற்றிய ஈடித் கிரேமரோ, ஆற்றும் தன்மை வரைதல் என்ற செயலுக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொன்றையும் பேச்சாக மாற்ற வேண்டியதில்லை என்றார். குடிநோய்க்கும் இத்துறைக்குமான தொடர்பும் நேற்று வந்ததன்று; எலினார் உல்மன் 1950களின் தொடக்கத்திலேயே வாஷிங்டன் நகரில் குடிநோயாளிகளுக்கான புறநோயாளர் மையத்தில் ஓவியச் சிகிச்சை அளித்து, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். போதை மீட்பைப் பொறுத்தவரை நாம்பர்க் சொன்னதும் சரி, கிரேமர் சொன்னதும் சரி, ஆனால் வெவ்வேறு வாரங்களில் என்பதே என் துணிபு. போதையை நிறுத்திய முதல் நாட்களில் வரைந்தால் மட்டும் போதும்; தலை தெளிந்து, தூக்கம் திரும்பிய பிறகுதான் அதைப் பற்றிய பேச்சு பயன்தரும்.

இதற்கெல்லாம் ஓவியம் எதற்கு, உட்கார வைத்துப் பேசினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதைக்கு ஆட்பட்டவர் சிகிச்சைக்கு வந்து சேரும்போது, பேச்சு அவரிடம் ஏறக்குறைய செல்லாக்காசாகிவிட்டிருக்கிறது. இனித் தொடமாட்டேன் என்று மனைவியிடம், பெற்றோரிடம், மேலதிகாரியிடம், தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. கேட்பவரும் நம்புவதில்லை, சொல்பவருக்கும் தன் சொல்லில் நம்பிக்கை இல்லை. அளவைக் குறைத்துச் சொல்வதும், பழியை வேலைப்பளுவின் மீது போடுவதும், எல்லாம் கட்டுக்குள்தான் இருக்கிறது என்று சாதிப்பதும் பல ஆண்டுகளாக நாவுக்குப் பழகியவை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் விரைவில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பள்ளியை விட்ட நாளிலிருந்து எதையும் வரையாத கை, தயாரித்து வைத்த பதில் ஏதுமின்றித் தாளின் முன்னால் வந்து நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தான் உணர்வது கோபமா, துக்கமா, பயமா, வெறும் பசியா என்று இனம்பிரித்துச் சொல்ல இயலாத நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் தனிப் பெயரிட்டு விளக்கம் தந்தார். குடிநோயாளிகளிடம் இந்நிலை பொதுமக்களிடம் இருப்பதைவிட மிகுதியாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகையவரிடம் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை என்பதற்கு மேல் விடை வராது. அவர் மறைக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. சொல்வதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. போதைக்கான வேட்கை எழும்போது அது உடம்பில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை ஓர் உடலின் கோட்டுருவத்துக்குள் வண்ணம் தீட்டிக் காட்டச் சொன்னால், அதே மனிதர் தயங்காமல் தீட்டுகிறார். தொண்டையில் தொடங்குவதாக ஒருவர் காட்டுவார், உள்ளங்கையில் என்று இன்னொருவர். வேட்கை என்பது உச்சத்தைத் தொட்டுப் பின் தணியக்கூடியது. அடுத்த முறை அது கிளம்பும் இடத்திலேயே அதை அடையாளம் கண்டுகொள்கிறவருக்கு, யாரையாவது தொலைபேசியில் அழைக்கவோ அந்த இடத்தைவிட்டு எழுந்து போகவோ சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், சிகிச்சைக்கு வந்த நாளைப் பற்றி எப்போது கேட்டாலும், வீட்டில் சின்னச் சண்டை, அவ்வளவுதான் என்று முடித்துக்கொள்வார். உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த நிகழ்ச்சியை வரையுங்கள் என்று குழுவில் அனைவரிடமும் சொல்லப்பட்டபோது, வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான்கு மேசைக் கால்களை வரைந்தார். அவற்றைச் சுற்றி மூன்று சோடிக் காலணிகள். முழங்காலுக்கு மேல் யாருக்கும் உருவம் இல்லை. தாளின் மேற்பாதி வெறுமையாக இருந்தது. இதற்கு என்ன பொருள் என்று சிகிச்சையாளர் கேட்கவில்லை. இவை யார் யாருடைய காலணிகள் என்று மட்டும் கேட்டார். ஒன்று மனைவியுடையது, ஒன்று அண்டை வீட்டுக்காரருடையது, வார் போட்ட சிறிய சோடி மகளுடையது. இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டவர் குழுவிலிருந்த இன்னொரு நோயாளி. மேசைக்கு அடியில் என்றார் அவர். அன்று அதற்கு மேல் அவர் பேசவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. மறுநாள் மருத்துவர் வந்தபோது, மகள் பார்த்துக்கொண்டிருக்கையில் தாம் தரையில் விழுந்து கிடந்ததைப் பற்றித் தாமாகவே தொடங்கிப் பேசினார். அதுவரை மறுத்துவந்த குடும்ப ஆலோசனைக்கும் இணங்கினார். அந்தப் படத்தைக் கண்காட்சியில் மாட்டியிருந்தால் ஒருவரும் அதன் முன் நின்றிருக்கமாட்டார்கள். கோடுகள் எல்லாம் கோணல்; ஒரு சோடியின் இரண்டு காலணிகளுக்கே அளவு பொருந்தவில்லை.

கறுப்பு மிகுந்தால் மனச்சோர்வு, கதவில்லாத வீடு வரைந்தால் தனிமை, சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி வைத்துக்கொண்டு படங்களைப் படிக்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தங்கள் கட்டுரையிலும் அப்படி இரண்டொரு வரிகள் இருந்தன. பெட்டியில் கறுப்புக் கிரேயான் மட்டும்தான் முனை உடையாமல் இருந்தது என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவருடையது. அதேபோல், அளவுமீறிக் குடித்த இரவில் நடந்தவை அடியோடு மறந்துபோவது பலருக்கும் நேர்கிறது. அந்த நேரத்தில் மூளை நினைவைப் பதியவே இல்லை என்பதால், வரையச் சொல்லி அதை மீட்டுவிட முடியாது. அப்படி மீட்டதாகச் சொல்லப்படும் படத்தை நடந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது குடும்பங்களுக்குள் புதிய சச்சரவுகளைத்தான் உண்டாக்கும்.

எதை வரையச் சொல்வது என்பதும் போகிற போக்கில் முடிவு செய்யப்படுவதன்று. சிகிச்சையின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கென்றே எலிசபெத் ஹோல்ட், டோனா கெய்சர் ஆகிய இருவர் 2009இல் ஐந்து வரைபணிகளை வகுத்து வெளியிட்டனர். சிகிச்சைக்குக் கொண்டுவந்த நெருக்கடியை வரைவது, விட்டுவந்த இடத்தையும் போக விரும்பும் இடத்தையும் பாலத்தால் இணைத்துத் தான் நிற்கும் இடத்தைக் காட்டுவது, ஆதாயத்தையும் இழப்பையும் ஒட்டுப்படமாக்குவது, ஓராண்டுக்குப் பின் தன்னை எப்படிக் காண்கிறார் என்று வரைவது, மீட்சிக்குக் குறுக்கே நிற்பவற்றை வரைவது என்பன அவை. நோயாளியோடு வாதாடாமல், மாற வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம் என்ற எண்ணமும் அவருக்குள்ளேயே சேர்ந்து இருப்பதை அவரே காணும்படி செய்யும் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற ஆலோசனை முறை இவற்றின் பின்னணியில் இருக்கிறது. ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டுப்படம்தான். போதையால் கிடைத்த ஆதாயத்தையும் நேர்மையாக ஒட்டுவதற்கு அதில் இடமிருக்கிறது. குடி நண்பர்களைத் தந்தது, கூச்சத்தைப் போக்கியது, தூங்க வைத்தது என்று ஒட்டுகிறவரிடம், அவற்றை இனி வேறு எந்த வழியில் பெறப்போகிறீர்கள் என்ற பேச்சைத் தொடங்கலாம். போதையால் கேடு மட்டுமே என்று தாள் முழுவதும் ஒட்டிவைக்கிறவர், நமக்குப் பிடித்த பதிலைத் தருகிறார் என்றே நான் ஐயுறுவேன். பாலப் படத்தில் சிலர் தங்களை வரையவே மறந்துவிடுவார்கள். சுட்டிக்காட்டினால் பாலத்துக்கு இப்பால் கரையில் ஒரு புள்ளி வைப்பார்கள். அன்றைய பேச்சுக்கு அந்தப் புள்ளி போதும்.

வரைவதற்கான பொருட்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எவரும் எழுதுவதில்லை. நடைமுறையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. போதை மறுவாழ்வுப் பிரிவுக்குள் எண்ணெய் வண்ணமும் தின்னரும் டர்பன்டைனும் நுழையக் கூடாது. ரப்பர் பசை, சில வகை நிரந்தர மார்க்கர்கள், தெளிப்பு வண்ணங்கள் ஆகியவற்றின் ஆவியே சிலருக்குப் போதைப்பொருளாக இருந்திருக்கும்; அப்படி முகர்ந்து பழகியவர் குழுவில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டு செயல்படுவதே பாதுகாப்பு. ஆகவே நீரில் கரையும் வண்ணங்களும் பசையும், கிரேயான், பேஸ்டல், களிமண் ஆகியவையும் போதும். கத்தரிக்கோல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மனச்சோர்வு மிகுந்தவர்கள் இருக்கும் குழுவில் கத்தரியே வேண்டாம், கையால் கிழித்து ஒட்டலாம். ஒட்டுப்படத்துக்காகப் போடப்படும் பழைய பத்திரிகைகளை முன்னதாகவே ஒருவர் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். நுரை ததும்பும் கோப்பையின் முழுப்பக்க விளம்பரம் முதல் வாரத்தில் இருப்பவரின் கையில் அகப்பட்டால், அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தது. அதே விளம்பரத்தைப் பிந்தைய வாரங்களில் வேண்டுமென்றே மேசைமேல் வைத்து, அதைப் பார்க்கையில் என்ன நேர்கிறது என்று பேசுவதும் உண்டு. எப்போது எதைச் செய்வது என்று தெரிந்திருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

குடியை நிறுத்திய தொடக்க நாட்களில் கை நடுங்கும். கூரிய பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னால், ஆடும் கோட்டைக் கண்டு கூசிப்போய்த் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். அகலமான தூரிகையும் நனைத்த தாளும் கொடுத்தால் வண்ணம் தானே பரவிக்கொள்ளும், நடுக்கம் வெளியே தெரியாது. முதல் வாரத்துத் தாளைத் தேதியிட்டு எடுத்துவைத்து, சில வாரங்கள் கழித்து அவர் பென்சிலால் போடும் கோட்டோடு அருகருகே வைத்துக் காட்டுவது வழக்கம். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கல்லீரல் அளவீடுகள் இறங்கியிருப்பதை நாங்கள் எவ்வளவு விளக்கினாலும், நேராக வந்த அந்தக் கோட்டைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

மருந்துகளுக்கு வருகிறேன். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிதல், காய்ச்சல், படபடப்பு ஆகியவற்றோடு கூடிய கடுமையான நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்களில் தேவைப்படுபவை மருத்துவக் கண்காணிப்பும், வலிப்பைத் தடுக்கும் மருந்தும், தயாமின் என்ற வைட்டமினும் ஆகும். அதன் பிறகும் குடியிலிருந்து விலகியிருக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்றவை உதவுகின்றன. ஹெராயின் முதலிய ஓபியாய்டு வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகியவை உயிரிழப்பைக் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. மருந்தில்லா மீட்பு என்று விளம்பரம் செய்து, ஓவியத்தையும் இசையையும் முன்னால் காட்டி, நோயாளியின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் குடும்பத்தார் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ஓபியாய்டை விட்டுச் சில வாரங்கள் இருந்தவரின் உடல் முன்பு தாங்கிய அளவை இனித் தாங்காது. மருந்தின் காப்பும் இல்லாத நிலையில் அவர் ஒருமுறை சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

ஓவியச் சிகிச்சைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று கேட்டால், இன்னும் போதாது என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 299 போதைச் சிகிச்சைத் திட்டங்களை எடுத்துக்கொண்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அவற்றில் 36.8 விழுக்காடு ஓவியச் சிகிச்சையை அளித்துவந்தன. பயன்பாடு இவ்வளவு பரவலாக இருந்தும், கலைவழிச் சிகிச்சைகள் போதைப் பயன்பாட்டைக் குறைக்கின்றனவா என்று தேடிப்பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, முடிவாகச் சொல்லும் அளவுக்குத் தரமான ஆய்வுகள் இல்லை என்றே முடித்தது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் 39 பெரியவர்கள் 45 நிமிடங்கள் வரைந்தும் வனைந்தும் இருந்தபின், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் உடலில் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற சுரப்பின் அளவு குறைந்திருந்தது. கலையில் முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. கலைத்திறன் தேவையில்லை என்பதற்கு இதைச் சுட்டலாம். ஆனால் அவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆகையால் ஓவியம் போதையைக் குணமாக்குகிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. பிறகு ஏன் இதை ஆதரிக்கிறாய் என்று கேட்பீர்கள். பேசாதவர் பேசத் தொடங்குவதையும், பாதியில் கிளம்பிவிடுவார் என்று நாங்கள் நினைத்தவர் அடுத்த அமர்வுக்காகக் காத்திருப்பதையும் தொடர்ந்து பார்ப்பதனால் ஆதரிக்கிறேன். சிகிச்சையில் போதுமான காலம் நிலைத்திருப்பவர்களே நல்ல பயனைப் பெறுகிறார்கள் என்பது போதைச் சிகிச்சையில் நன்கு நிறுவப்பட்டது. அந்தக் காலத்தை நீட்டிக்க ஓவியம் உதவுமானால் அதுவே எனக்குப் போதுமான காரணம்.

அமர்வை யார் நடத்துகிறார்கள் என்பதில் பெரும்பாலான மையங்கள் அலட்சியமாக இருக்கின்றன. ஐக்கிய இராச்சியத்தில் ஓவியச் சிகிச்சையாளர் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். உரிய முதுநிலைக் கல்வி பெற்றுப் பதிவு செய்யாத எவரும் தம்மை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவிலும் 1969இல் அமைந்த தொழில்முறைச் சங்கம் முதுநிலைப் பயிற்சியை வலியுறுத்துகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஓர் ஓவிய ஆசிரியர் வாரம் ஒருமுறை வந்துபோகிறார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. தாளைக் கண்டு அஞ்சுகிறவரின் கையைப் பழக்குவதில் அவருக்கு ஈடில்லை. ஆனால் ஒருவர் திடீரென்று சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையை வரைந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அப்படியொரு படம் வந்த பிறகு மணி அடித்துவிட்டது என்று அமர்வை முடித்து அனுப்புவது, புண்ணைக் கீறித் திறந்துவிட்டுக் கட்டுப்போடாமல் வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். பயிற்சி பெற்றவர் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களை இதற்கென்றே ஒதுக்கி வைப்பார்: படத்தை மடித்து உறையில் இடுவதா, அலமாரியில் பூட்டுவதா, இன்னும் எதையாவது சேர்த்து வரைவதா என்று வரைந்தவரையே முடிவு செய்யச் சொல்வார், இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும் தகவல் சொல்லிவிட்டுத்தான் போவார். முழுநேரச் சிகிச்சையாளரை அமர்த்த இயலாத மையங்களில், ஓவிய ஆசிரியரும் உளவியல் ஆலோசகரும் ஒரே அறையில் சேர்ந்திருந்து நடத்தலாம். அதுவும் இயலாதென்றால் ஓவிய வகுப்பு என்று பெயர்ப்பலகை வைத்து நடத்தட்டும், அதில் குறையொன்றும் இல்லை.

குடும்பத்தாரையும் மறந்துவிடக் கூடாது. ஹன்னா க்வியாட்கோவ்ஸ்கா என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் குடும்பம் முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்து வரையச் செய்யும் முறையை உருவாக்கினார். ஒரே தாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வரையும்போது, யார் முதலில் தொடங்குகிறார், யார் மற்றவர் வரைந்ததன் மேலேயே வரைகிறார், யார் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறார் என்பதெல்லாம் அவர்கள் கண்முன்னே நிகழ்ந்துவிடுகின்றன. பல ஆண்டுகளாக எல்லாப் பொறுப்பையும் தாங்கிவந்த மனைவி தாளின் முக்கால் பங்கைத் தானே நிரப்பிவிட்டு, இவருக்கு இடமே விடவில்லையே என்று தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அதை நாங்கள் சொல்லியிருந்தால் குற்றச்சாட்டாகப் போயிருக்கும்.

இனிக் கண்காட்சி பற்றி. நன்றாக வரைபவர்களையே தேர்ந்தெடுத்து மேடை ஏற்றுவதால், சிகிச்சை அறைக்குள் தவறான போட்டி நுழைகிறது. உண்மையில், தொழில்முறை ஓவியர் யாராவது நோயாளியாக வந்தால் எங்கள் வேலை கூடுதல் கடினமாகிறது. அவர் சில நிமிடங்களில் பார்ப்பவர் வியக்கும் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அதன் பின்னால் சௌகரியமாக மறைந்துகொள்வார். இடது கையால் வரையுங்கள் அல்லது களிமண்ணை எடுங்கள் என்று சொல்லித்தான் அவரை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். ஒப்புதல் என்பதும் எளிய காரியமன்று. உள்நோயாளியாக இருப்பவர், மறுத்தால் ஊழியர்கள் வருந்துவார்களோ என்று எண்ணியே தலையசைத்துவிடலாம். ஆலோசனை அறையில் பேசியவை எவ்வளவு அந்தரங்கமோ, அதே அறையில் வரைந்தவையும் அவ்வளவு அந்தரங்கமே. மீண்டவர் என்று பெயரும் படமும் போட்டுப் பாராட்டுவதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களுள் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்த நேர்கிறது என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றிலும் நோய் திரும்பும் அளவு இதைப்போன்றதே என்றும் அது சுட்டுகிறது. செய்தித்தாளில் வெற்றியாளராக அறிமுகமானவர் அடுத்த மாதம் சறுக்கினால், வெட்கத்தினாலேயே திரும்பவும் உதவி கேட்டு வரமாட்டார். சிகிச்சையில் அதைவிடப் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் ஏறத்தாழ 40 கோடிப் பேர் குடி தொடர்பான நோய்நிலைகளோடு வாழ்ந்தனர், அவ்வாண்டில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாக இருந்தது. இவ்வளவு பேரின் குடும்பங்களும் நம்பிக்கை தரும் எந்தச் செய்தியையும் கத்தரித்து எடுத்துவைத்துக்கொள்ளும் நிலையில் இருப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியதாயிற்று. நோயாளிகளின் படங்களை வெளியிட விரும்பினால், அவர்கள் மையத்தைவிட்டு வெளியேறிச் சில காலம் ஆன பிறகு ஒப்புதல் கேளுங்கள். பெயரையும் முகத்தையும் தவிர்த்துவிடுங்கள். படத்துக்கு விளக்கம் வேண்டுமென்றால் வரைந்தவரின் சொற்களிலேயே போடுங்கள். அந்த மையத்தில் ஓவிய அமர்வை நடத்துபவர் என்ன பயின்றவர், வாரத்தில் எத்தனை நாட்கள் மருத்துவர் வருகிறார், சிகிச்சை முடிந்து போனவர்களை எவ்வளவு காலம் தொடர்ந்து கவனிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர் கேட்டு, கிடைக்கும் விடைகளைப் படங்களுக்குக் கீழேயே அச்சிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
போதை மறுவாழ்வுப் பிரிவு ஆலோசகர்